சிவப்பிரகாசம் செத்துப்போகும் படங்கள்

திருத்தணி
3.6.2024

அன்பு மகள் சுலோச்சனாவுக்கு நைனா எழுதுவது.

சௌக்கியம் என்று மொட்டையாக எழுதினால் அடுத்த கடிதத்தில் குடைந்து எடுப்பாய். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. கீழ்வீட்டு ரஞ்சிதம் உப்பைக் குறைத்துச் சமைத்துக் கொடுக்கிறாள், திட்டிக்கொண்டே சாப்பிடுகிறேன். காது மட்டும் பூட்டின கதவுதான். போன வாரம் அவள் வீட்டுக்காரன் கோதண்டம் ஆட்டோ சவாரி இல்லாத நேரமாகப் பார்த்து மாடிக்கு வந்து, போனை என் மூஞ்சிக்கு நேரே பிடித்தான். உன் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாய். என்ன சொன்னாய் என்று தெரியாது. நான் நடிக்க வந்த காலத்திலேயே ஊமைப் படமெல்லாம் போய்விட்டது அம்மா. இந்த வயதில் என்னை அதைப் பார்க்க வைக்காதே. கடிதமே போடு. எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு டயாலிசிஸ் எப்படிப் போகிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நைனாவுக்குச் சான்ஸ் வந்திருக்கிறது.

சிரிக்காதே. சென்னையிலிருந்து ஆகாஷ் என்று ஒரு டைரக்டர் வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. என் படங்களை அவன் அம்மாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தானாம். தன் போனில் பெரிய எழுத்தில் அடித்து அடித்துக் காட்டிப் பேசினான். எத்தனை படம் பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டான். அது எனக்குத் தெரியாது தம்பி, எத்தனை படத்தில் பிழைத்தேன் என்று கேள், விரல் விட்டுச் சொல்கிறேன் என்றேன். கதாநாயகனுக்கு அண்ணன், கதாநாயகிக்கு அப்பா, ராஜா மேல் பாய்ந்த வேலை மார்பில் தாங்கிக்கொள்ளும் தளபதி, எல்லாம் நான்தான். இடைவேளைக்குள் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். நான் செத்தால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் கதை நகரும். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் எடுக்கப்போவது ஒரு சாவு வீட்டில் ஒரே நாளில் நடக்கிற கதை. செத்துப்போன ஊர்ப் பெரியவர் நான். வசனம் கிடையாது. அசையவும் கூடாது. காது கேட்காதவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடைக்குமா? நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது காமிரா முன்னால் நின்று. இதில் நிற்கக்கூட வேண்டாம், படுத்தால் போதும்.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் எடுக்கிறார்கள். உன் சம்மதம் இல்லாமல் போக மனம் வரவில்லை. சரி என்று ஒரு வரி எழுது.

நைனா

---

பிலாய்
12.6.2024

நைனாவுக்கு சுலோச்சனா எழுதுவது.

வேண்டாம்.

நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஆறு வயது. நீங்கள் மதராஸில் இருந்தீர்கள். சித்தி என்னை டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போனாள். மணலைக் குவித்து அதன் மேல் உட்காரவைத்து, "பாருடி, உங்க நைனா வராரு பாரு" என்றாள். நீங்கள் வந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் உங்களைக் குத்தினார்கள். பாடையில் தூக்கிப்போனார்கள். மேலே கட்டை அடுக்கி நெருப்பு வைத்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த ஊர் சனம் எல்லாம் அழுதது. நான் அழவில்லையாம், கத்தினேனாம். அடுத்த வாரம் நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி மாம்பழம் நீட்டியபோது வாங்காமல் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேனாம். இதை நீங்கள் எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்வீர்கள். எனக்கு அது வேடிக்கை இல்லை. அதற்கப்புறம் உங்கள் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அது உங்களுக்குத் தெரியும், கேட்டதில்லை.

எண்பத்தெட்டு வயதில் பாடையில் ஏறிப் படுக்கிறேன் என்கிறீர்கள். ஊரில் யாராவது கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

இங்கே வந்து எங்களோடு இருங்கள் என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு ஓடிப்போனீர்கள். இவருக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உங்கள் பேத்தி மோனிஷா கனடாவில். இவரை விட்டுவிட்டு நான் ஒரு நாள்கூட அசைய முடியாது. உங்களுக்கு ஒன்று என்றால் ஓடிவர என்னால் ஆகாது என்று தெரிந்தும் இதையெல்லாம் செய்கிறீர்களே என்றுதான் ஆத்திரமாக வருகிறது.

வேண்டாம் நைனா.

சுலோ

---

திருத்தணி
20.6.2024

சுலோ கண்ணுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பிலாயிலிருந்து ஓடிவந்தேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அங்கே பூங்காவில் என்னோடு நடந்தவர்களுக்கு நான் யாரோ ஒரு மதராஸிக் கிழவன். இங்கே பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா என்னைப் பார்த்தால், "சார், அந்தப் படத்துல தங்கச்சி மடியில தலைய வச்சிகினு சாவுவீங்களே, எங்க ஆத்தா அதுக்கே நாலு தபா போய் வந்துச்சு" என்கிறாள். வாயசைவை வைத்தே என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்வேன், ஏனென்றால் வேறு எதுவும் சொல்ல மாட்டாள். எனக்கு அது போதும். அதை விட்டுவிட்டு வர எனக்குத் தைரியமில்லை.

உனக்குப் பயம் வேண்டாம். பிணமாக நடிக்க ஒரு முறை இருக்கிறது. உனக்கு நான் அதைச் சொன்னதே இல்லை. "கட்" சொன்னதும் படுத்திருப்பவனை அப்படியே எழுப்பி அனுப்ப மாட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். பிறகு காமிராவை மறுபடி ஓட விடுவார்கள். பாடை மேலேயே எழுந்து உட்கார்ந்து, மூக்குப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, லென்ஸைப் பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் செத்தது நடிப்பு என்று ஆகும். எங்களுக்குள் அதைச் சிரிப்பு ஷாட் என்போம். பிலிம் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில்கூட எந்த முதலாளியும் இதற்குக் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டது. யூனிட் மொத்தமும் குடையோடு காத்திருந்து, நான் சிரித்த பிறகுதான் வேனில் ஏறியது.

அந்தத் துண்டையெல்லாம் எடிட்டிங் ரூமில் வெட்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். நான் செத்ததை ஊரே பார்த்திருக்கிறது. எழுந்து சிரித்ததை யூனிட் ஆட்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கு மாம்பழத்தை வாங்கியிருப்பாய்.

நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் சுலோ. திட்டு. ஆனால் கடிதத்தில் திட்டு, பேசாமல் இருக்காதே.

நைனா

---

திருத்தணி
11.7.2024

சுலோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று புரிகிறது. இருந்தாலும் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மரியாதைக்குக் குறைவில்லை. ஏசி வண்டியில் கூட்டிப்போனார்கள், இளநீர் கொடுத்தார்கள். மேக்கப் போட்ட பெண் என் தாடையைத் துணியால் கட்டும்போது வலிக்கிறதா என்று கண்ணாலேயே கேட்டுக் கேட்டுக் கட்டினாள். நெற்றியில் காசு வைத்தார்கள். தப்பு மேளம் அடித்தது காதில் விழவில்லை. ஆனால் தூக்கியதும் பாடை மூங்கில் வழியாக முதுகில் கேட்டது. என்ன அடி! எழுந்து ஆடிவிடலாம் போலிருந்தது. மூச்சை அடக்கி, கண் இமை துடிக்காமல் படுத்திருந்தேன். கிழவனுக்கு இன்னும் தொழில் மறக்கவில்லை.

சாயங்காலம் மேகம் கட்டிக்கொண்டது. கடைசி ஷாட் முடிந்தது. நான் சிரிப்பு ஷாட்டுக்காகக் கண்ணை மூடியபடியே காத்திருந்தேன். வெகு நேரம் யாரும் தொடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் பாதி ஆட்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் என்னை போட்டோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகாஷைக் கூப்பிட்டு முறையைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். பாவம், யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? "லைட் போயிடுச்சு சார், நாளைக்கு முதல் ஷாட் அதான்" என்று போனில் அடித்துக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டான்.

மறுநாள் வண்டி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கோதண்டம் ஆட்டோவில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். பண்ணை வீட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. தயாரிப்பாளர் படத்தை நிறுத்திவிட்டாராம், எல்லாரும் இரவோடு இரவாக மூட்டை கட்டிவிட்டார்களாம். பக்கத்துக் கொல்லையில் களை பறித்த பெண்கள் கோதண்டத்திடம் சொன்னார்கள்.

ஆக, படுத்தவன் சிரிக்காமலேயே எழுந்து வந்துவிட்டேன். தொழிலுக்கு வந்ததிலிருந்து இப்படி நடந்ததில்லை. பரவாயில்லை. நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீயும் எடுத்துக்கொள்ளாதே.

நைனா

---

பிலாய்
24.7.2024

நைனா,

சனிக்கிழமை காலை இவருக்கு ஊசி குத்தி மெஷினில் போட்டிருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இங்கே தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. பழம்பெரும் நடிகர் திருத்தணி சிவப்பிரகாசம் காலமானார். கீழே உங்கள் போட்டோ. மூக்கில் பஞ்சு. தாடையில் கட்டு. கழுத்தில் ரோஜா மாலை.

ஷூட்டிங் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் கடைசிக் கடிதம் திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. எந்தத் தேதியில் எடுக்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நடிப்பு என்று தோன்றாது. அவ்வளவு நன்றாக நடித்திருந்தீர்கள் நைனா. நாசமாய்ப் போகட்டும் அந்த நடிப்பு.

கோதண்டத்துக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. ரஞ்சிதத்திடம் போன் கிடையாது. ஊரில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். இவருக்கு மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் அழுத்தம் ஏறும் என்பார்கள். அழவும் முடியாது, இவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சிரித்தேன். கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து இவரைப் படுக்கவைத்துவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். உங்கள் போட்டோவுக்கு விளக்கு வைத்தேன். அன்றைக்கு நான் அழுத அழுகை அம்மா போனபோதுகூட அழுததில்லை. யாரும் உடனில்லை. மோனிஷா அங்கிருந்து போனில் அழுகிறாள், நான் இங்கே.

மறுநாள் காலையில் கோதண்டம் கூப்பிட்டான். திருப்பதிக்குச் சவாரி போன இடத்தில் போனில் சார்ஜ் போய்விட்டதாம். "அக்கா, இன்னாக்கா நீங்க? நைனா நல்லாத்தான் கீறாரு. இட்லி துன்னுகினு இருக்காரு, காட்டட்டுமா?" என்றான். காட்டினான். நீங்கள் சட்னியைத் தொட்டுக்கொண்டு கையை ஆட்டினீர்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்களுக்காக நான் அழ வேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். இன்னொரு முறை அழ என்னிடம் எதுவும் இல்லை.

சுலோச்சனா

---

திருத்தணி
1.8.2024

என் தங்கமே,

என்ன சொல்வது என்று தெரியவில்லை. நைனாவை மன்னித்துவிடு என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. ஆனால் பெரிதாக எழுத வேறு வார்த்தையும் இல்லை. மன்னித்துவிடு.

அந்த போட்டோவை யார் போட்டது என்று கோதண்டம் விசாரித்தான். வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண். "எங்க ஊர்ல ஷூட்டிங்" என்று எழுதித்தான் போட்டாளாம். அதைப் பார்த்த யாரோ எழுத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் வந்து என் காலில் விழுந்து அழுதாள். யாரைத் திட்டுவது?

இங்கே நடந்த கூத்தைக் கேள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டியிருக்கிறார்கள், எனக்கு எங்கே கேட்கிறது? ரஞ்சிதம் வந்து சொல்லித் திறந்தால், வெள்ளை வேட்டியில் நாலு பேர் பெரிய மாலையோடு நிற்கிறார்கள். சென்னையிலிருந்து என் பழைய ரசிகர்களாம். எல்லாருக்கும் எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாலையைத் திருப்பிக் கொண்டுபோக அவர்களுக்கும் மனமில்லை, எனக்குப் போடவும் பயம். கடைசியில் கதவு நிலையில் மாட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கே ஆறுமுகம் டீக்கடையில் பேப்பர் கொண்டுவந்து காட்டினார்கள். ஈடு இணையற்ற குணச்சித்திர நடிகர், தமிழ் சினிமா தன் அண்ணனை இழந்தது என்றெல்லாம் எழுதியிருந்தது. நடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவனும் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. போஸ்டரில் பெயர்கூடப் போட மாட்டார்கள். படிக்கப் படிக்க இனித்தது சுலோ. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முந்தின நாள்தான் நீ பிலாயில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது பேப்பரைத் தொடப் பிடிக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. படுத்துக் கண்ணை மூடினால் பாடை மூங்கில் முதுகில் உறுத்துகிறது. அது பிரமை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஊர் செத்தான் என்றது, நான் சிரித்துக் காட்டவில்லை. இல்லை என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

நைனா

---

பிலாய்
13.8.2024

நைனாவுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன். கடைசி வரியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். இவர்தான் ஆரம்பித்தார். "உங்கப்பா படம் ஒண்ணு போடு, எவ்ளோ நாள் கோபமா இருப்ப?" என்றார். யூடியூபில் தேடினோம். நீங்கள் அண்ணனாக வருவது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நீங்கள் எவ்வளவு அழகாக இருந்திருக்கிறீர்கள்! தங்கைக்கு வளையல் வாங்கி வருகிறீர்கள், பாதி உடைந்துபோகிறது, உடைந்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நல்லதை மட்டும் நீட்டுகிறீர்கள். அந்த இடத்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் செத்ததும் நிறுத்திவிடு என்றார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் பார்த்தேன், எங்கேயாவது அந்தச் சிரிப்பு மிஞ்சி இருக்காதா என்று. இல்லை.

மோனிஷா அங்கிருந்தே ஆகாஷின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அந்தப் பையன் நல்லவன்தான். போனில் அழுதானாம். காமிரா வாடகைக்கு எடுத்ததாம், திரும்பப் போய்விட்டதாம். இப்போது ஹைதராபாத்தில் விளம்பரப் படம் ஒன்றில் உதவியாளாக ஒட்டிக்கொண்டிருக்கிறானாம். முடிந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம், நாம் ஏமாற வேண்டாம்.

நான் சொல்வதைக் கேளுங்கள். கோதண்டம் போனில் எடுக்கட்டும். ரஞ்சிதம் பூசணிக்காய் உடைக்கட்டும். நீங்கள் சிரியுங்கள். எனக்கு அனுப்பட்டும், நான் பார்க்கிறேன். நான் பார்த்தால் போதாதா? தயவுசெய்து ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

சுலோ

---

திருத்தணி
2.9.2024

சுலோ,

நீ எழுதியபடி செய்தோம். ரஞ்சிதம் பூசணிக்காய் உடைத்தாள். கோதண்டம் போனைப் பிடித்துக்கொண்டு, "சிரி நைனா, சிரி நைனா" என்று வாயசைத்தான். உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. உதட்டை இழுத்துக் காட்டினேன். அதை அவன் உனக்கு அனுப்பக்கூடாது என்று நான்தான் சொல்லிவிட்டேன். நடிகனுக்குத் தெரியும் எது சிரிப்பு என்று.

நீ என் படத்தைப் பார்த்தாய் என்று எழுதியிருந்ததை மட்டும் தினமும் ஒருமுறை படிக்கிறேன்.

முந்தாநாள் குளியலறைக்குப் போகும்போது கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை. டாக்டர் மருந்து எழுதியிருக்கிறார். கோதண்டம் ராத்திரியில் மாடியிலேயே படுத்துக்கொள்கிறான்.

இதுவரை உன்னை நான் வா என்று கூப்பிட்டதில்லை. உன் பாடு எனக்குத் தெரியும். இப்போது கேட்கிறேன். ஒரு நாள் வந்துவிட்டுப் போக முடியுமா? காலையில் வந்து சாயங்காலம் போனாலும் சரி. நீ எதிரே உட்கார்ந்தால் சிரிப்பு தன்னால் வரும் என்று நினைக்கிறேன். முடியாவிட்டால் வருத்தப்படாதே, கேட்டுப் பார்த்தேன் அவ்வளவுதான்.

நைனா

---

பிலாய்
14.9.2024

நைனா,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே டிக்கெட் பார்த்தேன். அடுத்த புதன்கிழமைக்குப் போட்டும்விட்டேன். இவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி இருப்பதாக ஒப்புக்கொண்டார். உங்களுக்கு எள்ளுருண்டைகூடப் பிடித்து வைத்தேன்.

நேற்று இவருக்குக் குளிர் ஜுரம் கண்டது. டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற இடத்தில் சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். ஐசியுவில் சேர்த்திருக்கிறார்கள். எதைச் செய்வதானாலும் என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கே நீங்கள், இங்கே இவர். நான் ஒருத்தி. என்னை இரண்டாக வகிர்ந்து அனுப்பச் சொன்னால்கூட அனுப்பிவிடுவேன்.

இவர் வார்டுக்கு வந்ததும் கிளம்பிவிடுவேன். அதுவரை விழாமல் இருங்கள். மருந்தை மறக்காதீர்கள். கோதண்டத்தை ராத்திரியில் அனுப்பிவிடாதீர்கள்.

சுலோ

---

திருத்தணி
23.9.2024

சுலோ கண்ணு,

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளையை விட்டு அசையாதே. நான் கேட்டதே தப்பு. இங்கே எனக்கு ஒன்றுமில்லை. அவர் எழுந்து உட்காரட்டும். என் படம் இன்னொன்று போட்டுக் காட்டு, நான் வைத்தியராக வருகிற படம் ஒன்று இருக்கிறது. அதில் சாக மாட்டேன்.

மெதுவாக வா.

நைனா

---

பிலாய்
4.10.2024, மத்தியானம்

நைனாவுக்கு,

காலையில் கோதண்டம் கூப்பிட்டான். பேச முடியாமல் அழுதான். ரஞ்சிதம் போனை வாங்கி, "அக்கா, நைனா பூட்டாருக்கா. விடிகாலைல காபி குடுக்கப் போனேன், எழுப்பினேன், எழுந்திருக்கல" என்றாள்.

நான் நம்பவில்லை. ஏற்கெனவே ஒருமுறை நம்பித் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள் நான். போட்டோ அனுப்பு என்றேன். அனுப்பினார்கள். மூக்கில் பஞ்சு. தாடையில் கட்டு. நெற்றியில் காசு. எல்லாம் ஆடி மாதம் வந்த அதே படம்தான். பழைய போட்டோவையே அனுப்பிவிட்டாள் என்று சண்டை போட்டேன் நைனா, அந்தப் பெண்ணிடம். இப்போதே எடுத்ததுக்கா, நீங்களே பாருங்க என்று அழுகிறாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன படத்தில் உங்கள் கன்னம் வழுவழு என்று இருக்கிறது. இதில் முள் முள்ளாக நரைத்த தாடி. நாலு நாள் சவரம் செய்யாத முகம். காமிரா என்றால் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து சவரம் செய்துகொள்கிறவர் நீங்கள். அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இருந்தாலும் மேக்கப்பில் ஒட்டியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். நினைக்கக்கூடாதா?

அம்மையார்குப்பத்துப் பங்காளிகள் வந்துவிட்டார்களாம். எனக்கு அண்ணன் முறை ஆகிறவர் ஒருவர் கொள்ளி வைக்கிறேன் என்கிறாராம். கோதண்டம் திரும்பத் திரும்பக் கேட்கிறான், "அக்கா, நீங்க வர்றீங்களா, நாங்க எடுத்துடலாமா? நீங்க சொன்னாத்தான்." பெரியவர்கள் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பார்களாம், அதற்கு மேல் வைக்கக்கூடாது என்கிறார்களாம். நான் விமானத்தில் போனால் நாளைக் காலைக்குள் போய்விடலாம் என்று மோனிஷா சொல்கிறாள். இங்கே இவருக்கு நேற்று ராத்திரியிலிருந்து மூச்சுக்குழாய் போட்டிருக்கிறார்கள். டாக்டர் என்னை எங்கேயும் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவரிடம் சொல்லவும் முடியாது. இவருக்கு நினைவில்லை.

எடுத்துவிடுங்கள் என்ற ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நெருப்பு வைத்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் எழுந்து உட்கார்ந்து அது ஷூட்டிங்தான் என்று சொன்னால் என்ன செய்வது? அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. வராது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதுவேன்? உங்களுக்கு எழுதினால் பதில் வரும். எத்தனை கோபத்தில் எழுதினாலும் வந்திருக்கிறது.

போன் மறுபடி அடிக்கிறது. கோதண்டம்தான். அடிக்கட்டும். நான் சொல்லாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறான். நீங்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள் நைனா, அதைப் பார்த்துவிட்டு அவனிடம் பேசுகிறேன்.

சுலோ